திடல் சொந்தமானால் கழகம் நிலைக்கும்

வாஸ்கோ டகாமா என்றதும் கள்ளிக்கோட்டைக்குக் கடல் வழியே வந்த போர்த்துகீசியர்தான் நினைவுக்கு வருவார். பிரேசில் மக்களுக்கோ அது ஒரு காற்பந்துக் கழகத்தின் பெயர்.

அவருடைய இந்தியப் பயணத்தின் 400ஆம் ஆண்டான 1898இல், ரியோ டி ஜெனிரோவில் குடியேறிய போர்த்துகீசியர்கள் படகோட்டும் கழகமாக அதைத் தொடங்கினார்கள். காற்பந்து பிறகுதான் வந்தது. 1923இல் முதல் பிரிவில் நுழைந்த ஆண்டிலேயே அது வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. அந்தக் குழுவில் ஆடியவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள், உழைப்பாளிகள்.

பணக்காரக் கழகங்களுக்கு இது பொறுக்கவில்லை. 1924இல் தனிச் சங்கம் அமைத்தன. 12 ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் வாஸ்கோவுக்கு இடம் என்றன. கழகத் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தெஸ் கடிதம் எழுதி மறுத்துவிட்டார். தகுந்த திடல் இல்லை என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பதில், உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் நிதி திரட்டிக் கட்டிய சாவ் ஜனுவாரியோ அரங்கம். 1927 ஏப்ரல் 21இல் அது திறக்கப்பட்டது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து இளைஞனுக்கு இந்தக் கதை எதற்கு?

1929இல் இங்கே போ தோட்டம் தொடங்கப்பட்டது. மலைச்சரிவில் சமதளம் கிடைப்பதே அரிது. நாடு முழுவதும் தோட்டங்களில் காலையில் பெரட்டுக்கு நின்ற கால்கள் மாலையில் பந்தை உதைத்தன. ஆனால் வீடும் நிர்வாகத்துடையது, திடலும் நிர்வாகத்துடையது. தோட்டம் கைமாறினால் திடலும் போகும், குழுவும் கலையும்.

திறமைக்குப் பஞ்சமில்லை. 1980இல் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். 2010இல் மலேசியா சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால்.

இந்திய இளைஞர்களுக்கென ஒரு கழகமும் உருவானது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பெட்டாலிங் ஜெயா ரேஞ்சர்ஸ், பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் மாறி, 2019இல் சூப்பர் லீக்கை எட்டியது. 2022இல் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே களமிறக்கியது. அந்த ஆண்டு முடிவில் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதோடு அந்தப் பயணம் முடிந்தது.

ஏன்? அதற்குச் சொந்தத் திடல் இல்லை, சந்தா கட்டும் உறுப்பினர் கூட்டமும் இல்லை. ஆடியது மாநகர் மன்ற அரங்கில், நடந்தது உரிமையாளரின் பணத்தில். கை கொடுத்தவர் கையை எடுத்தால் தாங்கிப் பிடிக்க யாருமில்லை.

வாஸ்கோவும் ஏழைகளின் கால்களை நம்பியே எழுந்தது. ஆனால் தன் கூரையைத் தானே போட்டுக்கொண்டது. அடுத்த முறை நம் ஊரில் ஒரு குழு உருவாகும்போது, ஜெர்சிக்கு ஆதரவாளர் தேடுவதற்கு முன் கழகத்தைப் பதிவு செய்யட்டும். மாதம் ஐந்து ரிங்கிட் சந்தா பிரிக்கட்டும். திடலுக்கு மனுப் போடட்டும். கிண்ணம் பிறகு வரும்.