வேலியிட்டு வளர்த்த வனம்

காடு யாருக்கு உரியது? பட்டா வைத்திருப்பவருக்கா, அதில் மாடு மேய்க்கும் ஏழைக்கா, அன்றி இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைக்கா? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற ஒரு சிறிய நாட்டின் வரலாற்றை நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம். அந்நாடு டென்மார்க்.

உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்த அந்நாட்டில், 1800ஆம் ஆண்டளவில் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் காடு எஞ்சவில்லை. கோடரி மட்டுமே அதற்குக் காரணமன்று. ஒரே காட்டில், ஓங்கி நின்ற மரங்கள் பண்ணைப் பிரபுவுக்கும், அடியில் கிடந்த சுள்ளியும் மேய்ச்சலும் குடியானவர்க்கும் உரியனவாயிருந்தன. பிரபு மரத்தை வெட்டினார். குடியானவரின் கால்நடைகள் முளைத்த கன்றுகளைக் கடித்துத் தின்றன. முதியவை வீழ்ந்தன; இளையவை எழவில்லை.

இந்நிலையை மாற்றியது 1805 செப்டம்பர் 27இல் பிறந்த அரசாணை. காட்டையும் மேய்ச்சலையும் அது பிரித்தது. காடாக இருப்பது என்றும் காடாகவே இருத்தல் வேண்டும். உடைமையாளர் அதற்கு வேலியிட வேண்டும். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்க்க வேண்டும் என்று விதித்தது. காட்டைச் சுற்றி எழுந்த கற்சுவர்களைப் பல இடங்களில் இன்றும் காணலாம். கால்நடை நுழையாத நிலத்தில் பீச் மரத்தின் விதைகள் தாமே முளைத்தெழுந்தன. வெற்றிடங்களில் மனிதர் நட்டனர்.

அக்காலச் சீர்திருத்தங்களில் முன்னின்றவர் கிறிஸ்டியன் ரெவன்ட்லோ (1748-1827). குடியானவரைப் பண்ணையோடு பிணைத்திருந்த தளையை 1788இல் அறுத்ததிலும் அவருக்குப் பெரும்பங்குண்டு. தமக்குரிய காடுகளில் மரங்களை அளந்து, நெருக்கத்தைக் களைந்து, வளர்ச்சியை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி நூல் வடிவில் வெளிவந்தது அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே!

எனினும், வரலாற்றின் மறுபக்கத்தை நாம் மறைத்தலாகாது. மேய்ச்சலுரிமையை இழந்த குடியானவர்க்கு ஈடாக நிலம் கிடைத்தது. நிலமற்ற குடிசைவாசிக்கோ கிடைத்தது சொற்பமே. காடு பிழைத்ததற்கான விலையில் ஒரு பகுதியை ஏழையின் அடுப்பும் செலுத்தியது. இதனை மறந்து அவ்வாணையைப் போற்றுவது நேர்மையாகாது.

இன்று டென்மார்க்கில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பங்கு காடு உள்ளது. அதில் பெரும்பகுதி தனியார் உடைமை. விளைநிலத்தில் ஒரு பகுதியை மீண்டும் காடாக்கி, இரண்டரை லட்சம் ஹெக்டேர் புதுக்காடு வளர்ப்பதென 2024இல் அந்நாட்டினர் உடன்பட்டுள்ளனர். இம்முறை, நிலத்தை விட்டுக்கொடுக்கும் உழவர்க்கு உதவித்தொகையும் உண்டு.

ஓக் மரம் முதிர நூறாண்டுக்கு மேலாகும். நட்டவர் அதன் முழுநிழலில் அமர்வதில்லை. பட்டா நம் பெயரில் இருக்கலாம்; மரமோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வேலியிடும்போது வெளியே நிற்பவரின் பசியையும் நினைத்தால், அவ்வேலி நீதியின் வேலியாகும்.