பெரிய லோரியும் சிறிய பிள்ளையும்



1925ஆம் ஆண்டு என்றால், நம்முடைய பாட்டன் பூட்டன்மார் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். அன்று உலகிலேயே அதிகமான ரப்பர் இங்கிருந்துதான் போயிற்று. அதில் பெரும்பகுதியை வாங்கிய நாடு அமெரிக்கா. மோட்டார் வண்டிகளுக்கு டயர் செய்ய அதற்கு ரப்பர் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 1922இல் கொண்டுவந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டினால், 1925இல் ரப்பர் விலை இறாத்தலுக்கு ஓர் அமெரிக்க டாலரையும் தாண்டியது. பால் வெட்டியவர்களின் நாட்கூலியோ காசுக் கணக்கிலேயே நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பின்னால் பெட்டி வைத்த ஒரு சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். அதுதான் அந்த நிறுவனம் தானே பெட்டி பொருத்தி விற்ற முதல் பிக்கப். இன்று நாம் பேசப்போவது அந்தச் சிறு வண்டியின் வழியில் வந்த மிகப் பெரிய லோரிகளைப் பற்றி.

அதற்கு முன்பு அமெரிக்க உழவர்கள் காரை வாங்கி, அதன் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, பலகைப் பெட்டி ஒன்றைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். தானிய மூட்டையோ பால் பாத்திரமோ பட்டணம் போய்ச் சேர்ந்தால் போதும். ஃபோர்டின் வண்டிக்கு 20 குதிரைச் சக்திதான். முடுக்கும் கருவி காலடியில் இல்லை. சுக்கானுக்குக் கீழே ஒரு நெம்புகோலாக இருந்தது. மூன்று மிதிகளில் நடுவில் இருப்பதை அழுத்தினால் வண்டி பின்னால் போகும். எண்ணெய் தொட்டியிலிருந்து தானாக வழிந்து எஞ்சினுக்கு வரவேண்டும். ஆகவே தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும் போது செங்குத்தான மேடு வந்துவிட்டால், ஓட்டுநர் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வண்டியின் மூக்கு ஒடுக்கமானது. அதன் இருபுறமும் சாலை தெரியும்.

பிறகு எப்படி இவ்வளவு பெரிதாயிற்று? சுமை ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல், லோரிக்கென்றே தனியாக வடிவமைத்த வரிசையை ஃபோர்டு வெளியிட்டது. 1957இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற உழவுக் கருவி நிறுவனம், ஆறு பேர் அமரக்கூடிய நீண்ட அறையோடு ஒரு பிக்கப்பை விற்றது. வேலையாட்களை ஏற்றிச் செல்லத் தோதான அந்த அறை, பின்னாளில் பிள்ளைகுட்டிகளோடு போகிற குடும்பத்துக்கும் தோதாயிற்று. 1973 வாக்கில், பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் வைத்த பிக்கப்புகளும் ஆலையிலிருந்தே வரத் தொடங்கின.

மற்றொரு காரணம் கோழி! கோழிக்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கக் கோழி இறைச்சி மலிவாக வந்து குவிகிறது என்று ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன்மேல் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் சில இறக்குமதிப் பொருள்களின்மீது 25 விழுக்காடு வரி விதித்தார். மாவுப்பசை, பிராந்தி ஆகியவற்றோடு சிறு லோரியும் அதில் சேர்ந்தது. மற்ற வரிகள் பிற்காலத்தில் நீங்கின. லோரி வரி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் நிலைத்தது. வெளிநாட்டுச் சிறு லோரிகள் போட்டிக்கு வருவது கடினமாயிற்று.

சட்டங்களும் தம் பங்குக்கு உதவின. 1975இல் ஃபோர்டு ஒரு புதிய பிக்கப்பை, சுமையோடு சேர்ந்த மொத்த எடை 6,000 இறாத்தலுக்கு மேல் இருக்கும்படி வடிவமைத்தது. அந்த எடையைத் தாண்டினால், புகையைக் கட்டுப்படுத்தும் அன்றைய விதிகள் சில பொருந்தா. 2011இலிருந்து எரிபொருள் சிக்கன விதியில், சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரிதாக இருந்தால் இலக்கும் தளர்வாக இருந்தது. பெரிதாகச் செய்தவனுக்கே சலுகை என்றால், யார் சிறிதாகச் செய்வார்?

இதன் உச்சத்தை 2004இல் பார்த்தோம். இன்டர்நேஷனல் நிறுவனம் வெளியிட்ட ஒரு பிக்கப்பின் நீளம் சுமார் 21½ அடி, உயரம் 9 அடி. வெறும் வண்டியே 14,500 இறாத்தல் எடை. சுமையோடு அதற்கு அனுமதித்த மொத்த எடை 25,999 இறாத்தல். ஏன் இந்த விசித்திரமான எண்? 26,000 இறாத்தலைத் தாண்டினால்தான் அமெரிக்காவில் கனரக வாகன உரிமம் தேவை. எனவே காரோட்டும் சாதாரண உரிமத்தோடு, தனிப்பயிற்சி ஏதுமின்றி, ஒருவர் அதில் ஏறிப் போகலாம். 2008இல் அதன் உற்பத்தி நின்றது.

சரி, இன்று ஓடும் ஆறு சக்கரப் பிக்கப் ஒன்றில் நாம் ஏறி அமர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நீளம் 22 அடி, அகலம் 8 அடி. கூரையின் முன் விளிம்பில் சிறு மஞ்சள் விளக்குகள் வரிசையாக இருக்கும். அவை அழகுக்கு அல்ல. அகலம் 80 அங்குலத்தை எட்டிவிட்டால் அங்கே சட்டப்படி அவை வேண்டும். வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே சந்தி தாண்டி முன்னே போய்த்தான் சுக்கானை ஒடிக்க வேண்டும். பின் சக்கரங்களின் மேல்மூடி, ஓட்டுநர் அறையைவிட வெளியே பிதுங்கி நிற்கும். பக்கக் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் இலேசாகித் துள்ளும், மழையில் வழுக்கும். டிராக்டரில் வெறும் பெட்டியோடு செம்மண் சடக்கில் போய் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த ஆறு டயர்களிலும் நம் மரத்துப் பால் உண்டு என்பதையும் சொல்லிவிடலாம். கனமான டயர் சூட்டைத் தாங்க இயற்கை ரப்பர் இன்றும் வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். பழகினாலும் வராத ஒன்று, மூக்குக்கு முன்னால் உள்ள இடத்தைப் பார்ப்பது. பெரிய எஞ்சினும், அதைக் குளிரவைக்கும் பெரிய நீர்க்கூடும் இடம் கேட்கின்றன. வண்டி மிடுக்காகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ள, சில பிக்கப்புகளின் மூக்கு தரையிலிருந்து 55 அங்குலம் வரை உயர்ந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை அதன் முன்னே ஒட்டி நின்றால், தலைகூடத் தெரியாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டிகளைவிட, நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். அந்த நாட்டில் 2009இல் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022இல் 7,500 பேருக்கு மேல். வேகம், இருட்டு, நடைபாதை இல்லாமை என்று வேறு காரணங்களும் உண்டு; பழி முழுவதையும் லோரியின்மேல் போடுவது நியாயமாகாது.

பின்பக்கம் பார்ப்பதற்கு ஒரு வழி பிறந்தது. வீட்டு முற்றத்திலேயே, வண்டி பின்னால் வரும்போது, குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2008இல் சட்டம் நிறைவேறியது. பிறகும் பத்தாண்டுகள் கழித்து, 2018 மே மாதத்தில்தான், புதிய கார்களுக்கும் பிக்கப்புகளுக்கும் பின்புறக் கேமரா முழுமையாகக் கட்டாயமாயிற்று. முன்புறத்துக்கு அப்படி ஒரு சட்டம் அங்கே பிறக்கவில்லை. அனுபவமுள்ள ஓட்டுநர்கள், எஞ்சினை முடுக்குவதற்கு முன், கீழே நின்று வண்டியை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டே ஏறுகிறார்கள்.