எதிரணிப் பெண்

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். கொஞ்சம் வயதானவர்களுக்குத் தீப்பெட்டி. எங்களைக் கேட்டால் ஹாக்கி என்போம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில், எங்கிருந்தோ வந்திருக்கும் ரயில்வே, வங்கி அணிகளின் ஆட்டக்காரர்களை உறவுக்காரப் பையனைக் கூப்பிடுவது போலப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள் இங்கே உண்டு. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே தங்கிப் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இருந்தார்கள். அணி வெண்கலம்தான் வாங்கியது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நானும் ரசிகைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போவதை வெளியே நின்று சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிறுவயதில் அப்பா தம்பியைத்தான் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். நான் பின்னாலேயே ஓடுவேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து திரும்பிய அம்மா, விரலில் காய்ந்துபோன பசையைச் சுரண்டிக்கொண்டே, "பொட்டப்பிள்ளைக்கு அங்க என்னட்டி சோலி?" என்று கேட்பாள். என்னிடம் பதில் இருக்காது. ஓடிவிடுவேன்.

பல வருடங்களுக்குப் பிறகு வகுப்பில் முல்லைக்கலி நடத்திக்கொண்டிருந்தேன். ஏறு தழுவும் ஆயர்களை ஆய்ச்சியர் பரணிலிருந்து பார்க்கிறார்கள். களத்தில் பெண் இல்லை. பார்க்கிறவளாக இருக்கிறாள், வென்றவனுக்குக் கிடைக்கப்போகிறவளாக இருக்கிறாள். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "பரண்ல இருந்து அவங்க என்ன கத்துவாங்க மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மதியம் சாப்பிட முடியவில்லை. நான் கத்தியது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

1999. இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் ஹாக்கியில் அரையிறுதி. எதிரணியின் கோல்கீப்பர் உயரமான பெண். வந்த பந்தையெல்லாம் காலால் தட்டிவிட்டாள். ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் ஸ்டிக்கால் தன் பேடை ஒரு தட்டு தட்டிக்கொள்வாள். கணக்கு வைக்கிற மாதிரி. இடைவேளையில் எங்கள் கூட்டத்துக்குள் ஒரு பேச்சு வந்தது. அந்தப் பெண் தன் பயிற்சியாளர் மேல் கல்லூரியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். எந்த மாதிரிப் புகார் என்று யாரும் விளக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. பயிற்சியாளரின் பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எங்கள் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். பிறகு நாங்களும். வெறும் பெயர் சீக்கிரம் சலித்துவிட்டது. தமிழ் படிக்கிற பிள்ளை ஆயிற்றே என்று என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு எதுகை வைத்து ஒரு வரி கட்டிக் கொடுத்தேன். நான் எழுதிய ஒரு வரியை முந்நூறு பேர் சேர்ந்து சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னர். பந்து அவள் கால்களுக்கு நடுவே போயிற்று. ஜெயித்தோம்.

அவள் பொய் சொல்கிறாள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. உண்மைதான் என்றே நினைத்தோம் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அது உண்மையாக இருந்ததால்தான் கத்தினோம், அப்போதுதானே வலிக்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தது எங்களுக்கு ஒரு கோல்.

இந்திய விளையாட்டில் பாலியல் புகார்களின் வரலாற்றை வழக்கமாகச் சட்டத்தின் பக்கத்திலிருந்து எழுதுவார்கள்: புகார், விசாரணை, தீர்ப்பு. நான் கேலரியின் பக்கத்திலிருந்து பார்க்க முயல்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. சொந்த அணிக்காகவே ஆடிக்கொண்டிருந்த பெண்கூட, புகார் சொன்ன நிமிடத்தில் எதிரணிக்காரி ஆகிவிடுகிறாள்.

ருசிகா கிர்ஹோத்ராவுக்கு 14 வயது. ஹரியானாவின் பஞ்ச்குலாவில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தாள். 1990 ஆகஸ்டில் அவளிடம் அத்துமீறியவர் மாநில டென்னிஸ் சங்கத்தின் தலைவர், காவல்துறை ஐ.ஜி. எஸ்.பி.எஸ். ராத்தோர். கூட ஆடிய தோழி நேரில் பார்த்த சாட்சி. புகார் கொடுத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். பள்ளி அவளை நீக்கியது. அவள் சகோதரன் மீது கார் திருட்டு வழக்குகள் வந்து விழுந்தன. 1993 டிசம்பரில் அவள் விஷம் குடித்து இறந்தாள். ராத்தோர் டி.ஜி.பி. ஆனார். 2009 டிசம்பரில், 19 ஆண்டுகள் கழித்து, தீர்ப்பு வந்தது: ஆறு மாதம் சிறை, 1000 ரூபாய் அபராதம். நீதிமன்றத்திலிருந்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்த படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. மேல்முறையீட்டில் தண்டனை 18 மாதம் ஆனது. 2016-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்றது.

அந்த 19 வருடமும் தோழியும் அவள் பெற்றோரும் வழக்கை விடவில்லை. இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ரசிகர்கள் அவர்கள்தான். கோப்பை எதுவும் இல்லாத ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்கள்.

ஹாக்கிக்கு வருகிறேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்பது வாசிக்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும். 2010 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக் மீது ஆட்டக்காரர் ஒருவர் பாலியல் தொந்தரவுப் புகார் எழுதினார். கௌஷிக் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். புகாரை மறுத்தார், பதவியிலிருந்து விலகினார். 2021-இல் இறந்தும் போனார். அன்று எங்கள் ஊர் மைதானத்துப் படிக்கட்டில் நான் கேட்ட முதல் கேள்வி, "உலகக் கோப்பை வருதே, இப்போ யாரு கோச்?" என்பது. கேட்டது நான்.

சந்தீப் சிங் விஷயம் இன்னும் கஷ்டம். டிராக் ஃப்ளிக் என்றால் எங்களுக்கு அவர்தான். 2006-இல் சதாப்தி ரயிலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கிக் குண்டு இடுப்பில் பாய்ந்து, நடக்க முடியாமல் கிடந்து, மீண்டு வந்து, 2009-இல் கேப்டனாக அஸ்லான் ஷா கோப்பையை வென்றவர். 2012 பிப்ரவரியில் டெல்லியில் ஃபிரான்சை 8–1 என்று வீழ்த்தி இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே, அதில் ஐந்து கோல் அவருடையது. அந்த இரவு எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். நானும் ஒரு சரத்துக்குக் காசு கொடுத்தேன். பிறகு அவர் ஹரியானாவின் விளையாட்டுத்துறை அமைச்சர் ஆனார். 2022 டிசம்பர் கடைசியில் ஒரு பெண் தடகளப் பயிற்சியாளர் அவர் மீது பாலியல் தொந்தரவுப் புகார் சொன்னார். சண்டிகர் காவல்துறை வழக்குப் பதிந்தது. சந்தீப் சிங் குற்றச்சாட்டை மறுத்தார். விளையாட்டுத் துறையை விட்டார், அமைச்சர் பதவியை விடவில்லை. அச்சு, எழுதுபொருள் துறை அவரிடமே இருந்தது. 2023 ஆகஸ்டில் புகார் சொன்ன பெண் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024 ஜூலையில் நீதிமன்றம் சந்தீப் சிங் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. தீர்ப்பை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. நான் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. புகார்ச் செய்தியைப் படித்ததும் என் மனசு அவருக்காகச் சாக்குத் தேடியது. குண்டு பாய்ந்த இடுப்பைத் தேடியது. ஐந்து கோலைத் தேடியது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்.

மல்யுத்தப் பெண்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 2023 ஜனவரி 18 அன்று ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் போன்றவர்கள் தேசத்துக்கு ஆடியவர்கள். அதைவிடப் பெரிய சொந்த அணி எது? கூட்டமைப்பின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங்கின் பெயரைச் சொன்னதும் அவர்களைத் தேசத்தின் எதிரணி ஆக்கினார்கள். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றம் திறந்த அதே காலையில், அவர்களைத் தெருவில் இழுத்துப்போனார்கள். குற்றச்சாட்டுகளை மறுக்கும் அவர் மீது 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அப்போது சிறுமியாக இருந்த ஒருவர் தொடர்பான போக்சோ வழக்கு மட்டும் 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. இடையில் 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் இறுதிப்போட்டி வரை போய், 100 கிராம் எடை கூடியதால் தகுதி இழந்தபோது, அதைக் கொண்டாடிய நம் நாட்டு ரசிகர்களின் பதிவுகளை நான் படித்தேன். 1999-இல் கட்டிய என் எதுகை அவற்றில் எனக்குக் கேட்டது.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுதான் பல ஊர்களுக்குக் குலதெய்வம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாக 2011 நவம்பரில் கைதானார். அதைப் பற்றி முன்பே கேள்விப்பட்டும் போதிய அளவு செய்யவில்லை என்று தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவைப் பல்கலைக்கழகம் நீக்கியது. அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சிறுவர்களுக்காக வரவில்லை. பயிற்சியாளரை நீக்கியதற்காக வந்தார்கள். தொலைக்காட்சி வேன் ஒன்றைக் கவிழ்த்தார்கள். 45 குற்றங்கள் சாண்டஸ்கி மீது நிரூபணமாயின. தண்டனையாக அந்த அணியின் 112 வெற்றிகளை விளையாட்டுச் சங்கம் கணக்கிலிருந்து நீக்கியது. ரசிகர்கள் அந்த எண்ணிக்கைக்காகச் சண்டை போட்டார்கள். 2015-இல் 112-உம் திரும்பி வந்தன. வெற்றியைத் திருப்பிக் கொடுக்க முடிகிறது பாருங்கள்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 'பணியிடம்' என்ற சொல்லுக்குள் விளையாட்டு நிறுவனத்தையும் மைதானத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் வந்தன. புகார்க் குழுவில் மாணவர்களும் இருக்க வேண்டும். ஆனால் 2023-இல் மல்யுத்தப் பெண்கள் தெருவில் இருந்தபோது எண்ணிப் பார்த்தால், நாட்டின் 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சட்டப்படியான குழு இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானபோது, முதலில் பேசியது ஒரே ஒரு பெண். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள், வருடக் கணக்கில் சுமந்ததை இறக்கிவைக்க.

குழு இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் அந்தக் குழுவில் இருந்தேன். ஹாக்கி அணிப் பெண் ஒருத்தி புகாரோடு வந்தாள். டோர்னமென்டுக்குப் பதினோரு நாள் இருந்தது. "அது முடியட்டும் மேடம், பிள்ளைங்க மனசு உடைஞ்சிரும்" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். அவர் கெட்டவர் இல்லை. எங்களோடு கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துகிறவர். நான் அப்போதே விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது, அந்த ஆளை மைதானத்துக்கு வர வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. தோல்விக்குக் காரணம் யார் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். அவளோடு மெஸ்ஸில் உட்கார ஆள் இல்லை. அடுத்த வருடம் வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

போன ஜனவரியில் அவள் புதிய கல்லூரிக்காக எங்கள் கல்லூரியை எதிர்த்து ஆட வந்தாள். நடுக்களத்தில் ஆடுகிறவள். நான் வழக்கமான இடத்துக்குப் போகாமல் மைதானத்தைச் சுற்றி, எதிர்ப்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்னை அவளுடைய அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள் போல. ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். எங்கள் பக்கக் கேலரியிலிருந்து ஒரு பெயர் கிளம்புகிறதா என்று காது அந்தப் பக்கமே இருந்தது. முதல் பாதியில் இல்லை. இரண்டாம் பாதியில் ஒருமுறை யாரோ தொடங்கினான். இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். அவள் தலையைத் திருப்பாமல் பந்தை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஓடினாள். நான் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வயசாகிவிட்ட தொண்டை, பாதியில் உடைந்தது. தண்ணீர் கொடுத்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத் தானும் கத்தினாள்.

2–1. எங்கள் கல்லூரிதான் ஜெயித்தது.