சிங்கப்பூர்ப் பேருந்து ஓட்டுநர்களும் அவர்தம் குடும்பங்களும்

ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் பேருந்து ஓட்டுநரைப் பெயர் சொல்லி அறிந்திருப்பதற்கும், அவர் ஓய்வுபெற்ற பின்னும் அவரையும் அவர் வீட்டாரையும் நினைவில் வைத்திருப்பதற்கும் அவருடைய நற்குணம் மட்டுமே காரணமாவதில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் வண்டி ஓட்டியிருக்கவும், அவர் குடும்பம் அத்தடத்தை ஒட்டியே வாழ்ந்திருக்கவும் வேண்டும். சிங்கப்பூரின் போக்குவரத்து வரலாற்றில் இவ்விரண்டும் ஒருசேர வாய்த்த காலம் மிகக் குறுகியது.

1905இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, சிராங்கூன் சாலை வழியே பாய லேபார் வரை ஒரு தடம் அமைந்தது. டிராம்களுக்கு மின்சாரம் தந்த நிலையமும் பணிமனையும் இன்றைய தேக்கா சந்தையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய மெக்கன்சி சாலையில் இருந்தன. 1925இல் உருவான பிரிட்டிஷ் உடைமையான சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி, அடுத்த ஆண்டு முதல் டிராம்களுக்குப் பதிலாக ‘ட்ராலி பஸ்’ எனப்பட்ட வண்டிகளை, அதாவது தண்டவாளமின்றிச் சாலையில் ஓடினாலும் தலைக்கு மேலுள்ள இரு கம்பிகளிலிருந்து மின்சாரம் பெறும் பேருந்துகளை, படிப்படியாகக் கொண்டுவந்தது. கூரைமேல் உள்ள கோல் கம்பியை விட்டு நழுவினால் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அதை நீண்ட கழியால் மீண்டும் கம்பியில் பொருத்தும்வரை பயணிகள் காத்திருக்க நேரும். இத்தகைய வண்டியில் ஓட்டுநரும் கண்டக்டரும் ஒருவரையொருவர் சார்ந்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. ட்ராலி பஸ்கள் 1962இல் நிறுத்தப்பட்டன.

அக்கம்பெனியின் தொழிலாளர்களில் மலாய்க்காரர்களும் இந்தியர்களும் கணிசமாக இருந்தனர். அதற்குப் போட்டியாக 1920களில் பெருகிய ‘கொசு பஸ்’ என்னும் ஏழு இருக்கைச் சிறு வண்டிகளோ பெரும்பாலும் சீனர்கள் கையில் இருந்தன. அவை 1930களின் நடுவில் சீனர் நடத்திய பேருந்து நிறுவனங்களாக ஒன்றிணைந்தன. எனவே ஒருவர் எந்தத் தடத்தில் பயணம் செய்தார் என்பதைப் பொறுத்தே அவர் அறிந்த ஓட்டுநரின் மொழியும் அமைந்தது.

குடும்பம் என்பது இத்தொழிலாளர்களுக்கு எளிதில் கிட்டியதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் சிங்கப்பூர் வந்த தமிழர்களில் ஆண்களே மிகுதி. மனைவியும் மக்களும் ஊரில் இருக்க, மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி கடல் கடந்தது. போருக்குப் பின் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1953 முதல் குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் கடுமையானதும், இங்கேயா அங்கேயா என்ற கேள்விக்குப் பலர் விடை கண்டாக வேண்டியிருந்தது. இங்கே தங்கியவர்களின் பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் படித்தனர். வேலைநிறுத்தம் வந்தால் இவ்வூர்க் கடைகளிலேயே கடன் சொல்ல வேண்டியதாயிற்று.

அத்தகைய வேலைநிறுத்தம் விரைவிலேயே வந்தது. ஹாக் லீ பேருந்து நிறுவனத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஒட்டி 1955 மே 12 அன்று அலெக்சாண்ட்ரா சாலை வட்டாரத்தில் மூண்ட கலவரத்தில் நால்வர் இறந்தனர். பள்ளிப் பாடநூல்வரை இடம்பெற்ற நிகழ்வு அது. அதே ஆண்டு செப்டம்பரில் டிராக்‌ஷன் கம்பெனித் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்கும் மேலாக நீடித்து 1956இல்தான் முடிந்தது என்றாலும், அது பொது நினைவில் அந்த அளவுக்குத் தங்கவில்லை. ஒருநாள் இரவில் சிந்திய இரத்தத்தை வரலாறு எளிதில் குறித்துக்கொள்கிறது. சம்பளமின்றி மாதக்கணக்கில் அடுப்பெரித்த வீடுகளை அது அவ்வாறு குறித்துக்கொள்வதில்லை.

1956இல் பேருந்துப் போக்குவரத்தை ஆராய்ந்த ஹாக்கின்ஸ் ஆணையம் எல்லாப் பேருந்து நிறுவனங்களையும் ஒன்றாக்கப் பரிந்துரைத்தது; அது நடந்தேற ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் பிடித்தன. 1971இல் சீன நிறுவனங்கள் மூன்றாக இணைக்கப்பட்டன. டிராக்‌ஷன் கம்பெனியும் அவ்வாண்டின் முடிவில் மறைந்தது. 1973 ஜூலையில் அம்மூன்றும் சேர்ந்து சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் ஆயின. இதே ஆண்டுகளில், 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தனர். சிராங்கூன் சாலையை ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் தோ பாயோ, அங் மோ கியோ எனப் பல திசைகளில் பிரிந்தன. ஓட்டுநர் ஓட்டும் தடம் ஓரிடம், அவர் உறங்கும் வீடு வேறிடம் என்றாயிற்று. ஓட்டுநரே கட்டண வசூலையும் கவனிக்கும் ‘ஒருவர் இயக்க’ முறை பரவியதால் 1980களில் கண்டக்டர்களும் மறைந்தனர். நிறுவனத்துக்கு அது சிக்கனம்தான். ஆனால் பயணியுடன் பேச நேரமிருந்த ஒரே பணியாளர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பிற்காலத்தில் ஓட்டுநர் பற்றாக்குறையை ஈடுசெய்ய மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். 2012 நவம்பர் 26 அன்று சீன நாட்டு ஓட்டுநர்கள் 171 பேர் ஊதிய வேறுபாட்டையும் தங்குவிடுதியின் நிலையையும் முன்வைத்து வேலைக்குச் செல்ல மறுத்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு விடுதியில் தங்கி வண்டி ஓட்டும் ஆண்களின் நிலை, டிராம் காலத்துத் தமிழ்த் தொழிலாளியின் நிலைக்கு நெருக்கமானதே.

2016 முதல் பேருந்துகளையும் பணிமனைகளையும் அரசே உடைமையாக வைத்துக்கொண்டு, தடங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, ஏலக்குத்தகையில் வென்ற நிறுவனங்களிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கிறது. தொகுதி கைமாறும்போது அத்தடங்களின் ஓட்டுநர்களுக்கு முன்னையதினும் குறையாத விதிமுறைகளில் புதிய நிறுவனம் வேலை தர முன்வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே சட்டைச் சின்னம் மாறினாலும் பழைய தடத்திலேயே தொடர்வதற்கான வழி ஓட்டுநருக்கு இன்னும் அடைபடவில்லை.