கைக்கு வந்தபின் காசு

இணையக் கடைகளில் பொருள் வாங்கும் நம் மக்கள் முன்பணம் செலுத்தத் தயங்கி, பொருள் வாயிலை அடைந்த பின்னரே பணம் கொடுக்க விரும்புவதைச் சிலர் புதுமுறை அறியாத பேதைமை என்று இகழ்கின்றனர். சரித்திரம் இதற்கு இடங்கொடாது என்பது நமது துணிபு.

இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையை 1877-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. வர்த்தகத்திற் பேர்பெற்ற அமெரிக்காவின் தபால் இலாகா இத்தகைய ஏற்பாட்டைச் செய்ததோ 1913-இல்தான்! முறை மிக எளியது. தூரத்து வியாபாரி சரக்கைத் தபாலாபீஸில் ஒப்புவிப்பார். தபாற்காரர் அதனை உரியவரிடம் கொண்டுசென்று, விலையைப் பெற்றுக்கொண்டு கட்டைக் கொடுப்பார். தொகை வியாபாரிக்குப் போய்ச் சேரும். 1880-இல் மணியார்டர் வேலையும் தபால் இலாகாவின் வசமானபின் இது பின்னும் இலகுவாயிற்று. ஒருவரையொருவர் கண்டறியாத இருவருக்கிடையே, இருவரும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் நின்றார். பட்டணத்துப் புத்தகங்களும் மருந்துகளும் கிராமங்களுக்குச் சென்றது இவ்வழியேயாம்.

எனினும் இம்முறையில் ஒரு குறை இருந்தது. பணம் கொடுத்த பின்பே கட்டைப் பிரிக்கலாகும். உள்ளே செங்கல் இருப்பினும் முன்னதாக அறிய வழியில்லை. அவ்வாறே, வாங்குவோர் மறுத்துவிடின் நஷ்டம் வியாபாரியைச் சேரும். 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டம் இவ்விரண்டையும் கருதியது. மெய்யான ஆர்டரின் பேரிலேயே சரக்கு அனுப்பப்படுகிறது என்று அனுப்புவோரிடம் உறுதிமொழி கேட்கவும், மோசடி நேர்ந்தால் வசூலான பணத்தை வாங்கியவருக்கே திருப்பித் தரவும் விதிகள் செய்ய அது சர்க்காருக்கு அதிகாரமளித்தது. சட்டம் செய்தோர் மனித சுபாவத்தை நன்குணர்ந்தோர் போலும்!

2007-இல் பெங்களூரிற் புத்தகக் கடையாகத் தோன்றிய ஃபிளிப்கார்ட், 2010-இல் இப்பழைய வழியையே கைக்கொண்டது. அக்காலத்திற் கிரெடிட் கார்டு உடையோர் சிலரே. இணையத்திற் கார்டு வழியே பணம் செலுத்துவோர் கூடுதலாக ஓர் இரகசியச் சொல்லும் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி 2009-இல் விதித்திருந்தது. காப்பிற்கு அது நன்றே, ஆயினும் இணைப்பு இடையில் அறுந்தால் வியாபாரமும் அறுந்தது. ஆகவே தபாற்காரர் நின்ற இடத்தில் கூரியர் இளைஞர் நின்றார். மறுக்கப்பட்ட சரக்கைத் திருப்பிக் கொணரும் செலவு இன்றும் விற்போர் தலையிலேயே விழுகின்றது. சிறு வியாபாரிகளுக்கு இது பெரும் பாரமென்பதை நாம் மறுக்கவில்லை.

2016 நவம்பர் 8-ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, சில நிறுவனங்கள் இவ்வசதியைச் சிறிதுகாலம் நிறுத்தின, அன்றிக் குறைத்தன. அவ்வாண்டே யு.பி.ஐ. முறையும் தோன்றிற்று. இனி வாயிலிற் பணம் கொடுக்கும் வழக்கம் ஒழியுமென்று பலர் எண்ணினர், ஒழிந்திலது. மாறியது பணத்தின் உருவமே. இன்று வாங்குவோர் பலர் சில்லறை தேடுவதில்லை. கூரியர்காரர் நீட்டும் கட்டச் சதுரக் குறியைக் கைப்பேசியாற் படம் பிடித்து அங்கேயே பணம் செலுத்துகின்றனர். செலுத்தும் கருவி கையிலிருந்தும், பொருள் கண்ணெதிரே வரும்வரை அவர்கள் அதனைத் தொடுவதில்லை.