கைப்பேசியா, தனிக் கருவியா? கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் ஓட்டுபவருக்கு ஏற்ற வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலிருந்து கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இரண்டு லிட்டல் இந்தியாக்களையும் இணைக்கும் இந்த வழியில் தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு வழிகாட்டி தேவையில்லை. அதே ஆள் ஷா ஆலாமில் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு தெருவைத் தேடும்போதோ, பெட்டாலிங் ஜெயாவில் எஸ்.எஸ். வரிசைச் சாலைகளுக்குள் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதோ நிலைமை வேறு. ஒரு சந்திப்பைத் தவறவிட்டால் அடுத்த திருப்பம் சில கிலோமீட்டர் தள்ளித்தான் வரும். தவறவிட்டோமே என்ற பதற்றத்தில் கடைசி நொடியில் குறுக்கே வெட்டுவதுதான் நம்மவர்கள் விழுந்து அடிபடும் தருணம்.

மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே வழிகாட்டிக் கருவியைத் தேர்ந்தெடுப்பதை ஹெல்மெட் வாங்குவது போன்ற பாதுகாப்பு முடிவாகவே பார்க்க வேண்டும். குறைந்த வருமானத்தில் ஓட்டுபவர்முன் இருப்பவை இரண்டு வழிகள்: கையிலிருக்கும் கைப்பேசியை ஹேண்டிலில் பொருத்திக்கொள்வது, அல்லது மோட்டாருக்கென்றே செய்யப்பட்ட ஜிபிஎஸ் கருவியை வாங்குவது. இரண்டையும் நம் சாலையில், நம் மழையில், நம் வருமானத்தில் வைத்து ஒப்பிடுவோம்.

விலை

தனிக் கருவிகளில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் கார்மின். 1989இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கென ‘ஜூமோ’ என்ற வரிசையை வைத்திருக்கிறது. 2020இல் வந்த ஜூமோ எக்ஸ்.டி. 499.99 அமெரிக்க டாலருக்கும், 2023இல் வந்த எக்ஸ்.டி.2 599.99 டாலருக்கும் அறிமுகமாயின. பிந்தியதன் விலை அன்றைய மாற்று விகிதத்தில் 2,600 ரிங்கிட்டுக்கு மேல். கப்சாய் எனும் சிறு மோட்டார் வகையைச் சேர்ந்த புதிய ஹோண்டா இ.எக்ஸ்.5 ஒன்றின் விலை சுமார் 5,000 ரிங்கிட். கப்சாய் ஓட்டுபவர் தன் வண்டியின் பாதி விலையை வழி கேட்பதற்காகவே கொடுக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

மலிவாகத் தனிக் கருவி வைத்திருந்த காலம் ஒன்றும் இருந்தது. கார்களுக்காகக் கார்மின் விற்ற ‘நூவி’ கருவிகளைப் பழையதாக வாங்கி, மலேசிய ஆர்வலர்கள் கூடி வரைந்த மால்ஃப்ரீமேப்ஸ், மால்சிங்மேப்ஸ் வரைபடங்களை இலவசமாக அதில் ஏற்றிக்கொண்டார்கள். தாங்கள் ஓட்டிய பாதைகளைப் பதிவு செய்து தெருத்தெருவாக நாட்டின் வரைபடத்தை நிரப்பிய அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் நூவி காருக்குள் இருக்கச் செய்யப்பட்டது. மழையைத் தாங்கும் காப்பு பெரும்பாலான நூவி கருவிகளுக்கு இல்லை.

கைப்பேசி பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் மேப்ஸ், வேஸ் ஆகிய வழிகாட்டிச் செயலிகளுக்குக் கட்டணம் கிடையாது. செலவு ஹோல்டருக்கும், சார்ஜ் செய்யும் இணைப்புக்கும், இணையத்துக்கும் மட்டுமே. விலையில் போட்டியே இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் கெட்டுப்போகும் மலிவுப் பொருள் மலிவல்ல. அதனால் மற்றக் கணக்குகளையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்றைய சாலையை அறிவது எது?

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடலாம். நாம் இருக்கும் இடத்தைக் கண்டறிய இணையம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கைப்பேசியும் தனிக் கருவியும் இலவசமாகவே பெறுகின்றன. திறந்த வானத்தின்கீழ் சாதாரணக் கைப்பேசியே ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். இரண்டும் வேறுபடுவது வரைபடத்தைப் பெறும் விதத்திலும், சாலையின் இப்போதைய நிலையை அறியும் விதத்திலும்தான்.

தனிக் கருவி வரைபடம் முழுவதையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. சாலை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அந்தச் சாலை மாலை ஆறு மணிக்கு நகராமல் நிற்பது தானாகத் தெரியாது. அதை அறிய அதுவும் கைப்பேசியோடு இணைய வேண்டும். வேஸின் பலமே இங்குதான். 2013இல் கூகுள் வாங்கிய இந்தச் செயலி, ஓட்டுநர்கள் நகரும் வேகத்தையும் அவர்கள் தரும் தகவலையும் வைத்தே வழியைக் கணிக்கிறது. மலேசியர்கள் இதைப் பெருமளவில் பயன்படுத்துவதால் விபத்து, பள்ளம், தேங்கிய நீர் என எல்லாம் உடனுக்குடன் வந்துசேர்கின்றன.

2021 டிசம்பர் 18 அன்று கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் முக்கியச் சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. நேற்று வரைந்த வரைபடம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அன்று ஓட்டுநரை வெள்ளத்துக்குள்தான் அனுப்பியிருக்கும். சிறிய அளவில் இதே நிலை ஒவ்வொரு பெரு மழையிலும் ஏற்படுகிறது.

வண்டியின் வகையை அறிவதும் முக்கியம். வேஸ் 2017இல் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனி முறையைச் சேர்த்தது. அதே ஆண்டு இறுதியில் கூகுள் மேப்ஸ் இந்தியாவில் அத்தகைய முறையைத் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் விரித்தது. கார் முறையிலேயே ஓட்டினால் நடப்பது வேறு. உதாரணத்துக்கு, 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதைக்குள் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. கார் முறை அதைக் குறுக்குவழியாகக் காட்டலாம். டோல் விஷயமும் உண்டு: நம் நெடுஞ்சாலைகளில் பொதுவாக மோட்டாருக்கு டோல் இல்லை. செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி ‘டோல் தவிர்’ என்ற தெரிவை அழுத்திவைத்தால், இலவசமாகப் போகக்கூடிய நல்ல சாலையை விட்டு நெரிசலுக்குள் சுற்ற நேரிடும்.

ஜூமோவிலும் மோட்டாருக்கான வழித்தேர்வு உண்டு. ஆனால் வளைவும் குன்றும் நிறைந்த பாதைகளைத் தேடித் தருவது அது. கேமரன் மலைக்கு உல்லாசமாக ஏறுபவருக்கு இன்பம் தரும் வசதி. நண்பகலில் பிரிக்பீல்ட்சின் ஒருவழிச் சாலைகளுக்குள் உணவுப் பொட்டலத்தோடு நிற்பவருக்கு அதனால் பயனில்லை.

மழை, வெயில், அதிர்வு

தாங்கும் வலிமையில் தனிக் கருவி தெளிவாக முந்துகிறது. ஜூமோ எக்ஸ்.டி. ஐ.பி.எக்ஸ்.7 தரம் பெற்றது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்பதே அந்தத் தரம். வெயிலில் திரை தெளிவாகத் தெரியும், கையுறையோடு தொடலாம், அதிர்வைத் தாங்கும்படி கட்டப்பட்டது.

கைப்பேசி இந்த இடத்தில் தடுமாறுகிறது. பிற்பகல் இடிமழையில் துளிகள் திரையில் விழுந்தால் அதை விரலின் தொடுதலாக எண்ணி வரைபடத்தை எங்கோ நகர்த்திவிடும். சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் பட்டால் பல கைப்பேசிகள் மின்சாரத்தை ஏற்க மறுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினால் மழைநீர் புகாது, ஆனால் வெப்பம் உள்ளே தங்கும். ஆப்பிள் தன் ஐபோனைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ். கிள்ளான் வெயிலில், சார்ஜும் ஏறிக்கொண்டிருக்க, கறுத்த திரை அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். தாண்டினால் திரை மங்கும், சில வேளை கைப்பேசியே நின்றுவிடும்.

அதிர்வு இன்னொரு ஆபத்து. திறன்மிக்க மோட்டார் எஞ்சின்களின் அதிர்வு கைப்பேசிக் கேமராவின் நிலைநிறுத்தும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் எச்சரித்தது. சிறிய ஸ்கூட்டர்களில்கூட அதிர்வுதாங்கி பொருத்திய ஹோல்டரைப் பயன்படுத்தும்படி அது சொல்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய புதிய கைப்பேசியை, அதிர்வுதாங்கி இல்லாத மலிவு ஹோல்டரில் மாட்டி ஓட்டுபவர் இந்த எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் கைப்பேசியின் இந்தக் குறைகளைக் கவனித்துப் பார்த்தால், ஒவ்வொன்றையும் குறைந்த செலவில் தீர்க்கலாம். பழைய ஆண்ட்ராய்ட் கைப்பேசி ஒன்றை வழிகாட்டிக்கென ஒதுக்கிவிட்டால் கேமரா கெட்டாலும் கவலையில்லை. அதற்குத் தனி சிம்கூட வேண்டாம். சட்டைப்பையிலுள்ள கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும். ஹோல்டருக்கு மேல் சிறு நிழல்தடுப்பு, அதிர்வுதாங்கி, சாவியை அணைத்தால் மின்சாரமும் நிற்கும்படி பட்டறையில் இழுத்த இணைப்பு எல்லாம் சேர்த்துச் சில நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். தனிக் கருவியின் குறையைத் தீர்ப்பது இப்படி எளிதல்ல. இன்றைய நெரிசலை அறிய அதற்கும் கைப்பேசி வேண்டும் என்றால், இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டிவருகிறது. இந்த ஒப்பீட்டில் எடையைச் சாய்ப்பது இந்த ஒரு வேறுபாடுதான்.

கண்ணும் காதும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்போம். 90 கிலோமீட்டரில் அது 50 மீட்டர். பெரிய எழுத்து, பெரிய அம்புக்குறி, இடையில் வேறெதுவும் தோன்றாத திரை என்பவை தனிக் கருவியின் சிறப்பு. கைப்பேசியிலோ வாட்ஸ்அப் செய்தி, அழைப்பு, புதிய ஆர்டர் என ஒவ்வொன்றும் வரைபடத்தின்மேல் வந்து விழும்.

வழிகாட்டிக்கென ஒதுக்கிய கைப்பேசி இதற்கும் விடை. அதில் அழைப்பும் வராது, செய்தியும் வராது. அதைவிட நல்லது திரையை மறந்து குரலைக் கேட்பது. ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் சிறிய ஒலிபெருக்கி இருந்தால் போதும். மற்றக் காது சாலைக்கு வேண்டும். புறப்படும்முன் இடத்தைத் தட்டச்சு செய்துவிட வேண்டும், மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்த வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை 1959ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 17ஏ விதி தடுக்கிறது. தொடையில் வைத்தோ, ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் செருகியோ ஓட்டும் பழக்கத்தை உயிரை எண்ணியாவது விட்டுவிட வேண்டும்.

இரண்டும் தோற்கும் இடம்

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதை 1970களில் தொடங்கப்பட்டது. உலகிலேயே மோட்டார் சைக்கிளுக்கெனத் தனியாக அமைக்கப்பட்ட முதல் பாதையாகப் பேசப்படுவது. பிரதான சாலையை ஒட்டியே, தடுப்புக்கு அப்பால், அது ஓடுகிறது. சந்திப்புகளில் சிறு சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளிவருகிறது. அதிலிருந்து விலகும் வழிகளும் கார்களுக்கான வழிகளும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதில்லை. ஐந்து மீட்டர் பிழையுள்ள எந்தக் கருவியும் நாம் தடுப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று உறுதியாக அறியாது. பிரதான சாலையை எண்ணி அது இடப்பக்கம் திரும்பச் சொல்லும்போது நமக்கான திருப்பம் கடந்துபோயிருக்கலாம். மேம்பாலங்கள் அடுக்கடுக்காக இருக்கும் இடங்களிலும், மோனோரெயில் தூண்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் நடுவே உள்ள கே.எல். சென்ட்ரல் சுற்றுப்புறத்திலும் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும். 2018 முதல் கைப்பேசிகளில் வரத் தொடங்கிய இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் இதை ஓரளவு குறைக்கிறது. பழைய கைப்பேசி வாங்குபவர் அந்த வசதியும், வெயிலில் தெரியும் திரையும் உண்டா என்று பார்த்து வாங்கலாம். என்றாலும் மோட்டார் பாதையில் கருவியின் குரலைவிடப் பாதையோரப் பலகையை நம்புவதே நலம்.

எவருக்கு எது?

தனிக் கருவி வீண் என்று சொல்வதற்கில்லை. பகாங், கிளந்தான் உட்பகுதிகளுக்கு நண்பர்களோடு அடிக்கடி நெடும்பயணம் போகிறவர், நாள் முழுதும் மழையில் ஓட்டுகிறவர், கையுறையைக் கழற்றாதவர் ஆகியோருக்கு ஜூமோவின் உறுதி அதன் விலைக்குத் தகும். தொலைத்தொடர்பு கிடைக்காத மலைச்சாலையில் வேஸ் புது வழியைக் கணிக்க முடியாது. உள்ளே வரைபடம் வைத்திருக்கும் கருவி அங்கே தொடர்ந்து வழி சொல்லும். ஆனால் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் அப்படிப் போகிறவருக்குக் கைப்பேசியிலேயே மாற்று உண்டு. கூகுள் மேப்ஸில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளும் இணையமின்றி வழி சொல்லும்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் வேலைக்கும் விநியோகத்துக்கும் குடும்பத் தேவைக்கும் ஓட்டுபவர் வாங்க வேண்டியது, வழிகாட்டிக்கென ஒதுக்கிய ஒரு பழைய கைப்பேசியும் நல்ல ஹோல்டரும்தான். மோட்டார் முறையை இயக்கி, டோல் தவிர்க்கும் தெரிவை நீக்கி, சிலாங்கூரின் வரைபடத்தை இறக்கிவைத்து, குரலை ஒரு காதுக்கு அனுப்பினால் 2,600 ரிங்கிட் கருவி நம் ஊருக்குள் தரும் பயனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் முதலில் தேய்ந்த டயரை மாற்றுங்கள், பிறகு சிரிம் தர முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். நனைந்த சாலையில் எந்த வழிகாட்டியும் செய்ய முடியாத வேலையை அவை இரண்டும் செய்யும்.