கருவியைச் செய்த கைகள்



சுத்தியலைச் செய்வதற்கு மற்றொரு சுத்தியல் வேண்டும். அரத்தைச் செய்வதற்கு உளி வேண்டும். ஆயின், சமதளம் எதுவுமே இல்லாதவிடத்து, முதலாவது சமதளத்தை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் நீராவியையும் நிலக்கரியையும் பற்றி விரிவாகக் கூறுவர். இச்சிறிய வினாவைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். இதற்கு விடை கண்டவர்கள், தம் கருவிகளைத் தாமே செய்துகொண்ட கம்மியர்களாவர். அவர்களுள் மூவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

முதல்வர் ஹென்றி மோட்ஸ்லி. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வுல்விச் என்னுமிடத்திற் பிறந்த இவர், பன்னிரண்டாம் வயதிலேயே அங்கிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலையில் அமர்ந்தார். பின்னர்த் தச்சுப் பட்டறைக்கும், அதன்பின் கொல்லுலைக்கும் சென்றார். பதினெட்டு வயதளவில், ஜோசப் பிராமா என்ற பூட்டுச் செய்வோர் அவரை இலண்டனுக்கு அழைத்துக்கொண்டார். கள்ளச் சாவிக்கு இணங்காத அப்பூட்டின் உறுப்புகளை நுட்பமாகச் செய்வதற்கு ஏற்ற கருவிகளை மோட்ஸ்லியே ஆக்கினார். எனினும், வாரத்துக்கு முப்பது ஷிலிங் என்றிருந்த கூலியை உயர்த்தித் தருமாறு கேட்டபோது முதலாளி மறுத்துவிடவே, 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார்.

அக்காலத்திலே இரும்பைக் கடைவோர் பெரும்பாலும் உளியைக் கையாற் பிடித்தே கடைந்தனர். கை நடுங்கினால் வேலையும் கோணிற்று. மோட்ஸ்லி உளியை ஓர் இரும்புத் தாங்கியிற் பூட்டி, அத்தாங்கியை ஒரு நீண்ட திருகு நகர்த்திச் செல்லுமாறு கடைசற் பொறியை அமைத்தார். இதனால் ஒரே சீரான புரிகளை வேண்டியவாறு வெட்ட முடிந்தது. ஆனால் உளியை நகர்த்தும் அந்த மூலத் திருகை வெட்டுவதற்குப் பொறி ஏது? சுழலும் உருளை ஒன்றின்மீது கூரிய அலகைச் சாய்வாகப் பதித்துப் புரியின் வழியை வரையச் செய்து, பின்னர் அதனைப் பொறுமையுடன் திருத்தித் திருத்தியே அவர் அதனைப் பெற்றார். பொறியின் செம்மைக்குத் தாய், கையின் பொறுமையே என்பது இதனாற் புலனாகும்.

அவரது பட்டறையில் அளவு பற்றிய பிணக்கைத் தீர்ப்பதற்கு ஒரு நுண்ணளவுக் கருவி இருந்தது. அதன் தீர்ப்புக்கு மேல் முறையீடு இல்லை என்பதால், நாட்டின் உயர் நீதிபதியின் பதவிப் பெயரையே அதற்கும் சூட்டி, ‘லோர்ட் சான்சலர்’ என அழைத்தனர்.

இரண்டாமவர், எடின்பரோ நகரத்து ஓவியரின் மைந்தர் ஜேம்ஸ் நாஸ்மித். இளமையிலே தம் படுக்கையறையையே பித்தளை வார்க்கும் பட்டறையாக்கிக்கொண்டு, நீராவி யந்திரங்களின் சிற்றுருவங்களைச் செய்தவர் அவர். 1829இல் தாமே செய்த சிற்றுருவத்தையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு மோட்ஸ்லியிடம் சென்றார். பரிந்துரைக் கடிதத்தினும் அவ்வேலைப்பாடே அவருக்காக உரக்கப் பேசிற்று. அதனை நோக்கிய மோட்ஸ்லி, இவ்விளைஞர் இனித் தொழில் பழக வேண்டியதில்லை எனக் கண்டு, தமக்கே துணைவராக அமர்த்திக்கொண்டார். 1831இல் ஆசான் மறைந்ததும் நாஸ்மித் ஊர் திரும்பி, தமக்கு வேண்டிய பொறிகளைத் தாமே செய்து முடித்த பின்னரே, 1834இல் மான்செஸ்டரில் தொழில் தொடங்கினார். நீராவிச் சம்மட்டியால் உலகப் புகழ் பெற்றவர் இவரே.

மூன்றாமவர் ஜோசப் விட்வொர்த். இவரும் மோட்ஸ்லியின் பட்டறையிற் பணியாற்றியவர். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கான விடையை 1840இல் அறிஞர் அவையிலே விளக்கியவர் இவர். இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளை நிறக்குழம்பு பூசி ஒன்றோடொன்று உரசினால், மேடான இடங்களில் நிறம் பற்றும். அவற்றைச் சுரண்டி நீக்கலாம். ஆயினும், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதற்கேற்பப் புடைத்தும் இருந்தாலும் இரண்டும் பொருந்திவிடும் அன்றோ? ஆகவே மூன்றாவது தட்டு வேண்டும். மூன்றும் மாறி மாறி ஒன்றோடொன்று பொருந்துமாயின், மூன்றும் சமதளமாகவே இருத்தல் வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, சுரண்டியும் கண்ணும் பொறுமையும் கொண்டே உண்மையான சமதளம் பெறப்பட்டது!

அடுத்த ஆண்டிலே திருகாணிப் புரிகளுக்கு 55 பாகைக் கோணத்தை அவர் பொதுவாக வகுத்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போனவாறு புரி வெட்டிற்று. ஒரு பட்டறையின் சுரை மற்றொன்றின் ஆணிக்குப் பொருந்தாது.

இம்மரபு அம்மூவரோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் தொழில் பழகிய இளைஞர், மூலைமட்டம், இடுக்கி, கோடிழுக்கும் கருவி முதலியவற்றைத் தாமே செய்து, தம் பெயரின் முதலெழுத்தை அவற்றிற் பொறித்துக்கொண்டனர். வீட்டுக் கொட்டிலிலே ஓய்வு நேரத்தில் இத்தகைய வேலை செய்வோருக்காக, ‘மொடல் என்ஜினியர்’ என்னும் சஞ்சிகை 1898இல் இலண்டனில் தோன்றிற்று.

இன்று கணினி செலுத்தும் பொறிகள் உலோகத்தை வெட்டுகின்றன. எனினும், மிக நுட்பமான பொறிகளின் தளங்களைக் கையாற் சுரண்டிச் செப்பனிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால் அவ்வேலை நூலறிவால் மட்டும் கைவருவதன்று. அருகிருந்து பழகினாலன்றி வராது. முதிய கம்மியர் ஒருவர் மறைந்ததும், அவர் செய்த கருவிகள் பழைய இரும்பின் விலைக்கு நிறுக்கப்படுவதுண்டு. அங்கே நிறுக்கப்படுவது இரும்பு; நிறுக்கப்படாமற் போவது, ஒரு கை பல்லாண்டுகளாகத் தேடிய அறிவு. அப்பெட்டியை விற்குமுன், அதனைத் திறந்து பார்த்து, இஃது எதற்கு, எவ்வாறு செய்யப்பட்டது என்று கேட்கும் இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அம்மரபு இன்னுமொரு தலைமுறை வாழும்.